அம்மா பெயரில் முதல் இரண்டு எழுத்து

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஓரோசியாவை ஏணி மேல் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கையில் மஞ்சள் பெயிண்ட், மனசில் ஒரே கேள்வி. மகள் இந்த அறைக்குக் குடிவருவாளா, மாட்டாளா?

பெயிண்ட் காய்ந்துவிட்டது. கட்டிலும் மேசையும் போட்டாயிற்று. கேள்வி மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

ஓரோசியா பதினோரு வருஷம் சரகோசாவில் ஒரு மனோதத்துவக் கல்லூரியின் தரையைத் துடைத்தவள். துடைத்துக்கொண்டே தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கினாள். இப்போது அதே கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் ஆய்வு உதவியாளர். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதான், ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை.

மகள் இசார்பேக்கு ஒன்பது வயதில் விவாகரத்து. துடைப்பம் பிடிக்கிற அம்மாவா, சொந்த மருந்துக்கடை வைத்திருக்கும் அப்பா கொன்சாலோவா என்று முடிவு செய்ய கோர்ட்டுக்கு அதிக நேரம் ஆகவில்லை. குழந்தை நகர நடுவில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்கு பெயாத்ரிஸ் வந்தாள். பெயாத்ரிஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனுஷி. குறை சொல்ல முடியாததுதான் ஓரோசியாவுக்கு இத்தனை வருஷமாகப் பெரிய குறை.

இப்போது இசார்பேக்குப் பதினெட்டு. அம்மா வேலை பார்க்கும் அதே கல்லூரியில் முதல் வருஷம். சேர்ந்த அன்றைக்கே அம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். "காரிடார்ல பார்த்தா தெரியாத மாதிரி போயிடும்மா. ப்ளீஸ்."

ஓரோசியா ஏன் என்று கேட்கவில்லை. துடைக்கிற பெண்கள் எல்லாரும் இன்னும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளில் கை போடுகிற கட்டிடம் அது. சரி கண்ணு என்றாள். ஐந்து மாதமாக அப்படியே போய்க்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு லோங்கனிசா வியாழன். தவக்கால நோன்பு தொடங்கும் முன் வருகிற கடைசி வியாழக்கிழமை. ரொட்டியைப் பிளந்து நடுவில் லோங்கனிசா என்கிற பன்றித் தொத்திறைச்சியை வைத்துத் தின்னாமல் இந்த ஊரில் ஒருத்தரும் இந்த வியாழனைக் கடத்த மாட்டார்கள். கோர்ட் உத்தரவுப்படி வார நாட்கள் அப்பாவுக்கு. வியாழன் வார நாள். ஆக, ஒன்பது வருஷமாக ஓரோசியா இந்த ரொட்டியை மகள் இல்லாமல்தான் தின்கிறாள்.

இந்த வருஷம் கோர்ட்டும் இல்லை, உத்தரவும் இல்லை. "ரெண்டு மணிக்கு வரேம்மா. ரூம் பத்தியும் அப்பவே சொல்லிடறேன்" என்று மகள் சொல்லியிருந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு ஓரோசியா வேலையில் உட்கார்ந்தபோது அவளுக்குப் பசி கூட இல்லை. மனசில் இரண்டு மணிதான் இருந்தது.

மேசையில் இரண்டு கட்டுக் காகிதம். ஏழைகளைப் பற்றி மனுஷர்கள் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்கிற கேள்வித்தாள். மொத்தம் இருபத்து நான்கு வாக்கியம். 'ஏழைகளுக்குப் பணத்தைச் செலவழிக்கத் தெரியாது.' 'ஏழை வீட்டில் சாப்பிட உட்கார எனக்குத் தயக்கமாக இருக்கும்.' இப்படிப் போகும். துளியும் ஒப்பவில்லை என்றால் ஒன்றைச் சுழிக்க வேண்டும், முழுக்க ஒப்புகிறேன் என்றால் ஐந்தை. ஸ்பானிஷ் பேசுகிற எல்லா இடத்துக்கும் இந்த அளவுகோல் சரிப்படுமா என்று பார்க்கிறார்கள். லிமாவிலும் மெக்சிகோவிலும் இதே தாளை இதே மாதம் மாணவர்கள் சுழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு ஆளிடமே நாலு வாரம் விட்டு இரண்டு தடவை கேட்க வேண்டும். அளவுகோல் நம்பகமானது என்றால் இரண்டு பதிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பெயர் எழுதக் கூடாது. அப்புறம் எப்படி ஜோடி சேர்ப்பது? அதற்குத்தான் மேலே ஒரு கட்டம். அம்மா பெயரில் முதல் இரண்டு எழுத்து, அம்மா பிறந்த தேதி. அம்மா மாறப் போவதில்லை அல்லவா, அந்த தைரியத்தில் வைத்த கட்டம்.

முதல் கட்டில் நாற்பதாவது தாளை எடுத்தாள். கட்டத்தில் 'ஓரோ – 25' என்று இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி பிறந்தவள் ஓரோசியா. அன்றைக்கு அந்தப் பேருடைய புனிதையின் திருநாள் என்பதால்தான் அவளுக்கு அந்தப் பேரே. அவள் தலைமுறையில் இந்த ஊரில் அப்படி இன்னொருத்தி கிடைப்பது கஷ்டம். போதாததற்கு அந்த ஐந்து. உடம்பு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் தனியாக நிற்கிற ஐந்து. நாலு வயதில் சமையலறை மேசையில் உட்கார வைத்து ஓரோசியாவே சொல்லிக் கொடுத்தது.

இசார்பேயின் 'பி' பிரிவு இந்த ஆய்வில் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆள் குறைகிறது என்று கடைசி நேரத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

தெரிந்தவர் தாள் கையில் வந்தால் படிக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு, பேராசிரியையிடம் சொல்ல வேண்டும். விதி அது. ஓரோசியா கவிழ்த்து வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். சியெர்சோ காற்று மரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டித் தாளைத் திருப்பினாள்.

யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று சொல்லி அவளைத் தப்பிக்க விட எனக்கு இஷ்டமில்லை. விதியை மீற மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். பார்த்திருக்கக் கூடாது.

பதினேழாவது வாக்கியம்: 'வசதி குறைந்த ஒருவர் எனக்கு நெருங்கிய உறவு என்று நண்பர்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.'

ஐந்து. அழுத்திச் சுழித்திருந்தது.

இரண்டாவது கட்டில் 'ஓரோ – 25' ஐத் தேடினாள். இல்லை. மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை தேடினாள். அப்போதுதான் அந்தத் தொப்பி பிரிந்த ஐந்து கண்ணில் பட்டது.

'பெயா – 25.'

அந்தத் தாளில் பதினேழுக்கு ஒன்று. மற்ற வாக்கியங்களுக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. விருந்தினர் முன்னால் உட்கார்ந்த பிள்ளை போல அத்தனை மரியாதையான பதில்கள்.

ஓரோசியா நாற்காலியில் சாய்ந்தாள். பதினேழுக்கு ஐந்து போட்டதைக் கூட அவளால் விழுங்க முடிந்தது. காரிடாரில் தினமும் விழுங்குவதுதானே. இந்த இரண்டு எழுத்துதான் தொண்டையில் இறங்கவில்லை. நாலே வாரத்தில் அவளை அழித்துவிட்டு அங்கே பெயாத்ரிஸை எழுதியாயிற்று. தேதியை மட்டும் ஏன் விட்டு வைத்தாள்? மறந்துபோயா? விட மனசில்லாமலா?

பேராசிரியை எல்விரா கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "ஓரோசியா, அஞ்சு மணிக்கு லிமாவுக்குப் பட்டியல் போயாகணும். நீக்கற தாளுக்கெல்லாம் பதிவேட்டுல காரணம் எழுதிடுங்க. என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம். காத்து."

"இந்தக் காத்து எல்லாரையும்தான் படுத்துது" என்றபடி அவர் போனார்.

ஓரோசியா பதிவேட்டைத் திறந்தாள். தெரிந்தவர் தாள் என்றால் இரண்டையுமே நீக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கட்டம்: உறவு. அதில் எழுதினால் எல்விராவுக்குத் தெரியும், நாளைக்குக் கல்லூரி முழுக்கத் தெரியும். மகள் கேட்டுக்கொண்ட ஒரே விஷயத்தைக் காற்றில் விட்ட மாதிரி ஆகும். அறையாவது, மஞ்சளாவது. இனி அந்தப் பெண் இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள்.

'ஜோடி சேரவில்லை' என்று எழுதிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் முதல் தாள் கணக்கில் நின்றுவிடும். அவள் படித்த தாள். என்றைக்காவது வெளியே வந்தால் இருநூறு பேர் தாளும் சந்தேகத்துக்குரியது, அவளுடைய நாற்காலியும் போச்சு. அதைவிட, பதினோரு வருஷம் இந்த அறைகளைத் துடைத்தபோது ஒரு பென்சிலைக் கூட இடம் மாற்றி வைக்காதவள் அவள். பொய்யை எந்தக் கையால் எழுதுவது என்றே தெரியவில்லை.

கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு டிராம் பிடித்தாள்.

லாஸ் ஃபுவெந்தெஸ் பேட்டையில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி அவள் வீடு. அண்ணன் ரமிரோ ஏற்கெனவே வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க லோங்கனிசா வறுபடுகிற வாசனை. ரமிரோ கட்டிடங்களுக்குப் பூச்சு வேலை செய்கிறவர், இரண்டு வருஷமாக வேலை இல்லை.

"கோட்டைக் கழட்டு. முகத்தையும் கழட்டி வை. பொண்ணு வரப் போறா, நீ துக்கத்துக்கு வந்தவ மாதிரி நிக்கறே" என்றார்.

இரண்டடித்துப் பத்து நிமிஷத்துக்கு இசார்பே வந்தாள். காற்றில் கன்னம் சிவந்து, முடி கலைந்து. ஓரோசியா அவளைக் கட்டிப்பிடித்த நேரம் கொஞ்சம் அதிகம். மகளும் விலகவில்லை.

"வா, ரூமைப் பாரு."

இசார்பே சுவரைத் தடவிப் பார்த்தாள். "மஞ்சளா?"

"உனக்குப் பிடிக்குமே."

"அது ஒன்பது வயசுல பிடிச்சதும்மா" என்றாள். குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால்தான் ஆழமாகக் குத்தியது.

சாப்பாட்டு மேசையில் ரமிரோ வழக்கம்போல அரங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகளே, உங்கம்மா வேலையைக் கேட்டியா? போன வருஷம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினா. சோதனைக்காம். ஏழைங்க சோம்பேறிங்க, ஆமாவா இல்லையான்னு கேட்டிருந்துது. நான் அஞ்சு போட்டேன்."

"மாமா."

"நாலாவது மாடிக்காரனைப் பார்த்திருக்கியா? அவனைப் பார்த்துட்டு அஞ்சுக்குக் கம்மியா எவன் போடுவான்? மத்தியானம் எழுந்திருக்கறான்."

"நீங்களே ரெண்டு வருஷமா வீட்லதான இருக்கீங்க மாமா."

"நான் ஏழையா?" ரமிரோவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நான் பூச்சு வேலைக்காரன். வேலை இல்லாத பூச்சு வேலைக்காரன். அது வேற, இது வேற. ஏழைங்கறது ரயிலடிப் பக்கம் இருக்கறவங்க."

இசார்பே சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"அந்தத் தாளா? ஏழைங்களைப் பத்தின தாளா? அதை நீயாம்மா பார்க்கறே?"

ஓரோசியா தட்டைத் தள்ளி வைத்தாள். ரமிரோ தங்கச்சி முகத்தைப் பார்த்தார், மருமகள் முகத்தைப் பார்த்தார்.

"ரொட்டி பத்தாது போலிருக்கே. வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தார். மேசையில் மூன்று முழு ரொட்டி இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

"எங்க டிபார்ட்மென்ட்ல யாரோ ஒருத்தங்க கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்கன்னு நினைச்சேன்" என்றாள் இசார்பே. "நீன்னு தோணவே இல்ல."

"உன் பிரிவைச் சேர்த்தது எனக்குத் தெரியாது கண்ணு."

"படிச்சியா?"

"படிச்சிருக்கக் கூடாது."

"அதைக் கேக்கல. படிச்சியா?"

"முதல் தாள்ல பதினேழு மட்டும் படிச்சேன். ரெண்டாவதுல எல்லாமே." ஓரோசியா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேல இருக்கற கட்டத்தையும் பார்த்தேன்."

இசார்பேக்குக் காது வரைக்கும் சிவந்தது. இந்தத் தடவை காற்று இல்லை.

"ரெண்டாவது தடவை பக்கத்துல கார்லோத்தா உக்காந்திருந்தா. என் ஃப்ரெண்ட். முதல் வாரம் என்னை பெயாத்ரிஸ் கார்ல கொண்டுவந்து விட்டாங்க. உங்கம்மா எவ்ளோ அழகா இருக்காங்கன்னு சொன்னா. நான் திருத்தல. அப்புறம் திருத்தறதுக்கு நேரமே வரல. அஞ்சு மாசமாச்சு. அவ என் தாளை எட்டிப் பார்த்தாம்மா. நான் என்ன எழுதறது?"

"தேதி?"

"என்ன தேதி?"

"தேதி என்னோடது போட்டிருந்தியே."

இசார்பே யோசித்தாள். "அப்படியா? தெரியலம்மா. கை எழுதியிருக்கும்."

டிராமில் வந்த வழி முழுக்க ஓரோசியா கட்டிப் பிடித்துக்கொண்டு வந்த அந்த இருபத்தைந்து, அவ்வளவுதான். கை எழுதியது. ஆனாலும் அவளுக்கு அது போதும் போலிருந்தது.

"முதல் தடவை யார் பக்கத்துல இருந்தா?"

"யாரும் இல்ல. தனியா உக்காந்து எழுதினேன்."

"அப்போ அஞ்சுதான் நிஜம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாம்மா. அஞ்சு. எனக்கே அசிங்கமா இருக்கு. அந்தக் கேள்வியைப் படிக்கும்போது உன் முகம்தான் வந்துது. நீ பக்கெட்டைத் தூக்கிட்டு நடக்கறது. நான் என்ன பண்ணட்டும், பொய் எழுதட்டுமா?"

ஓரோசியாவுக்கு எழுந்து போய் அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒன்பது வருஷமாக வார நாட்களில் அவள் மடி சும்மாதான் இருந்தது. ஆனால் எழவில்லை. சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

பதிவேட்டைப் பற்றிச் சொன்னாள். உறவு என்கிற கட்டத்தைப் பற்றி, ஐந்து மணியைப் பற்றி. "எழுதினா அங்க தெரிஞ்சுடும். எழுதலைன்னா நான் பொய் சொன்னவளாயிடுவேன். உன்னைக் கேக்காம எழுத மாட்டேன் இசார்பே. முதல் நாள் சரின்னு சொன்னேன்ல, அது சரிதான்."

இசார்பே எழுந்தாள். கைபேசியில் மணி பார்த்தாள். "நாலு மணிக்கு கிளாஸ் இருக்கு" என்றாள். கோட்டை மாட்டினாள். கதவு வரை போய்த் திரும்பி வந்து பாதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. படியில் காலடிச் சத்தம் இறங்கிப் போய் நின்றது.

நாலே முக்காலுக்கு ஓரோசியா மறுபடி அந்த நாற்காலியில் இருந்தாள். பதிவேட்டில் 'நீக்கம், தெரிந்தவர்' என்பது வரை எழுதிவிட்டாள், உறவுக் கட்டம் மட்டும் பாக்கி. எல்விரா எதிர் மேசையில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது. வகுப்பு விட்டு முதல் வருஷப் பிள்ளைகள் காரிடாரில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் இசார்பேயும் போனாள். கண் கைபேசியில். நிமிரவில்லை. ஓரோசியாவும், சொன்ன சொல் மாறாமல், பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இவ்வளவுதான் பதில் என்று நினைத்தாள்.

"இந்த நாற்பதாம் நம்பர் என்ன ஆச்சு?" என்று எல்விரா கேட்டார். "ரெண்டு தாளும் நீக்கம்னு போட்டிருக்கீங்க. தெரிந்தவர்னு போட்டிருக்கீங்க. உறவு காலியா இருக்கு. காலியா விட முடியாதே ஓரோசியா."

"ஒரு நிமிஷம் மேடம்."

பேனாவைக் கையில் எடுத்தாள். 'அண்டை வீட்டார்' என்று எழுதலாமா? அப்போது மேசையில் அவள் கைபேசி அதிர்ந்தது.

'எழுதிடும்மா. ரூம் பத்தி மட்டும் இப்ப கேக்காத.'

ஓரோசியா அதை இரண்டு தடவை படித்தாள். அந்தப் பெண் காரிடாரில் தலை குனிந்து போனது இதைத் தட்டிக்கொண்டுதான். கண் நிறைந்துவிட்டது. கட்டத்துக்குள் 'மகள்' என்று எழுதினாள். 

எல்விரா எழுந்து வந்து கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு படித்தார். "மகளா? யாரோட மகள்?"

ஒரு சொல் போதும். தன்னைத் தொட்டுக் காட்டியிருந்தால் கூடப் போதும். ஆனால் பதினோரு வருஷம் துடைப்பத்தோடும் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டும் நடந்த கட்டிடம் அது. அடைத்து வைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்தது.

"என் மகள் மேடம். முதல் வருஷம், பி பிரிவு. இசார்பே. என் பொண்ணு."

தேவைக்கு மேல் சத்தமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, என்ன சுகம் இது என்று ஒரு மூச்சு விட்டாள்.

"மன்னிக்கணும்" என்று ஒரு குரல் கேட்டது.

கதவருகே ஒரு பெண் நின்றாள். கழுத்தில் சிவப்புத் துண்டு, கையில் ஒரு காகிதம். "நான் கார்லோத்தா. ஆய்வுல கலந்துகிட்டதுக்கு இங்க கையெழுத்து வாங்கிக்கச் சொன்னாங்க." அவள் எல்விராவைப் பார்க்கவில்லை. ஓரோசியாவைத்தான் பார்த்தாள், தலை முதல் கால் வரை. "இசார்பேன்னு சொன்னீங்களே, எங்க இசார்பேயா? அவங்கம்மா பேரு பெயாத்ரிஸ் ஆச்சே?"

எழுதத்தான் சொன்னாள் மகள். வாய்விட்டுச் சொல்லச் சொல்லவில்லை.